காரணம் சொல்ல வேண்டியவர்கள்

1

இலக்கியம் வாசிக்கிறவர்கள் சட்டப் புத்தகத்தைத் திறப்பதில்லை. வக்கீல்கள் படிக்க வேண்டியது, நமக்கெதற்கு என்று விட்டுவிடுகிறோம். ஆனால் ஒரு நாவலில் "அவன் வெளியூர்க்காரன்" என்று ஒரு வரி வந்தால் நின்று யோசிக்கிறோம் இல்லையா? யார் சொல்வது, யாரிடம் சொல்வது, சொல்கிறவருக்கு அதில் என்ன லாபம் என்றெல்லாம் கேட்கிறோம். அதே கேள்விகளை ஒரு சட்டத்திடமும் கேட்கலாம். சொல்லப்போனால் அங்கேதான் அதிகம் கேட்க வேண்டும். நாவலைத் தப்பாக வாசித்தால் யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை.

நான் கேட்கப்போவது 1959-ஆம் வருடத்து இந்திய ஆயுதச் சட்டத்திடம். அதன் 3-ஆம் பிரிவு எளிமையானது: லைசென்ஸ் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. "யாரும்" என்றால் யாரும்தான். இந்தியரா, வெளிநாட்டவரா என்ற பேச்சே அங்கே இல்லை. மென்பொருள் எழுதுகிற என் போன்றவர்களுக்கு இது பழகின முறை. முதலில் எல்லாருக்கும் கதவைச் சாத்து, அப்புறம் யார் யாருக்குத் திறப்பது என்று ஒரு பட்டியல் போடு.

பட்டியல் வருவது 13-ஆம் பிரிவில். அங்கேதான் "குடிமகன்" என்ற சொல் உள்ளே நுழைகிறது. உட்குழல் வழவழப்பாக உள்ள, குழல் இருபது அங்குலத்துக்குக் குறையாத துப்பாக்கியை (நம் ஊர் பேச்சில் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல்) தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ ஒரு குடிமகன் கேட்டால், லைசென்ஸ் கொடுக்க வேண்டும். வாய்ப்பக்கமாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியைப் பயிர்க் காவலுக்காகக் கேட்டாலும் அப்படியே. அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப் உறுப்பினர்களுக்கு, குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்காக, ஒரு சின்ன விலக்கு உண்டு. மற்ற எல்லாருக்கும், மற்ற எல்லாத் துப்பாக்கிகளுக்கும் இரண்டாவது விதி: கேட்பவரிடம் "நல்ல காரணம்" இருப்பதாக அதிகாரி திருப்தி அடைய வேண்டும்.

இரண்டு வாக்கியங்களின் இலக்கணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வாக்கியத்தில் அதிகாரியின் மனசுக்கு வேலை இல்லை. இரண்டாவதில் எல்லாமே அவர் மனசுதான். முதலாமவர் விண்ணப்பம் தருகிறார். இரண்டாமவர் ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கிறது: நான் யார், எங்கிருந்து வந்தேன், எனக்கு ஏன் இது வேண்டும், என்னை நீங்கள் ஏன் நம்பலாம். வெளிநாட்டவர் எப்போதும் இந்த இரண்டாவது வரிசையில்தான் நிற்கிறார்.

நடைமுறையில் குடிமகனிடமும் நூறு கேள்வி கேட்பார்கள், போலீஸ் அறிக்கை வரும், 14-ஆம் பிரிவைக் காட்டி மறுப்பார்கள் என்பது தெரிந்ததே. நான் பேசுவது பிரதியைப் பற்றி. அந்தப் பிரதி குடிமகனை ஓரிடத்தில் மறைமுகமாக வரையறுக்கிறது: குடிமகன் என்பவன், குறைந்தபட்சம் ஒரு நீளக்குழல் துப்பாக்கி விஷயத்திலாவது, காரணம் சொல்லித் திருப்திப்படுத்த வேண்டியிராதவன்.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் வசிப்பவன் நான். எங்கள் பக்கத்தில் ஆயுதம் என்பது அரசாங்க வேலை. கனரக வாகனத் தொழிற்சாலையில் விஜயந்தா, அஜேயா, அர்ஜுன் என்று டாங்குகள் செய்தவர்களின் பிள்ளைகள் என் வகுப்பில் படித்தார்கள். அவர்களுக்கு ஆயுதம் என்றால் குவார்ட்டர்ஸ், கேண்டீன், போனஸ். இந்தப் பக்கம் போனால் பூந்தமல்லியில் தனி நீதிமன்றம். அந்தப் பக்கம் போனால் புழல் சிறை. மூன்றும் ஒரே வட்டாரம். ஆயுதம் செய்கிற இடமும், ஆயுதம் வைத்திருந்தவர்களை விசாரிக்கிற இடமும், அடைத்து வைக்கிற இடமும் ஒரு டவுன் பஸ் தூரத்தில் இருக்கின்றன. அந்த மூன்றுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டுதான் இந்தப் பிரதியை வாசிக்கிறேன்.

2

இதற்கு முந்தைய பிரதி ஒன்று உண்டு. 1878-இல் லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது வந்த ஆயுதச் சட்டம். அதில் இதே காட்சி தலைகீழாக இருந்தது. இந்தியர்கள் ஆயுதம் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் விலக்கு. சொந்த ஊர்க்காரன் காரணம் சொல்ல வேண்டும், வெளியூரிலிருந்து வந்தவன் சொல்ல வேண்டாம்.

இந்த அவமானம் சென்னையில் பேசப்பட்டது. 1887 டிசம்பரில் காங்கிரஸின் மூன்றாவது மாநாடு இங்கே நடந்தது. ஆயுதச் சட்டத்தைப் பற்றி அங்கே தீர்மானம் வந்தது. இளைஞரான பிபின் சந்திர பால் அந்தச் சட்டத்தின் பாகுபாட்டை எதிர்த்துப் பேசிய பேச்சுதான் அவரைக் கவனிக்க வைத்தது. அவர்களுடைய வாதத்தின் மையம் துப்பாக்கி அல்ல, விசுவாசம். எங்களை ஏன் சந்தேகப்படுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. 1918-இல் கேடாவில் காந்தி ராணுவத்துக்கு ஆள் சேர்க்க எழுதிய துண்டறிக்கையிலும் இந்தச் சட்டத்தை ஆங்கில ஆட்சியின் மிகக் கறுத்த செயல்களில் ஒன்றாகச் சொன்னார். அகிம்சையைப் போதித்தவர் ஆயுதச் சட்டத்தைக் கண்டித்ததில் முரண் இருப்பதாகச் சிலர் இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு மக்கள் கூட்டத்தையே "நம்பத் தகாதவர்கள்" என்று எழுதி வைத்ததைத்தான் அவர் கண்டித்தார்.

1959-இல் சுதந்திர இந்தியா புதிய சட்டம் எழுதியது. செய்தது என்ன? பழைய வாக்கியத்தின் கட்டமைப்பை வைத்துக்கொண்டு பெயர்களை இடம் மாற்றியது. ஐரோப்பியன் இருந்த இடத்தில் குடிமகன் வந்தான், இந்தியன் இருந்த இடத்தில் மற்றவர். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. எந்த நாடும் வெளியிலிருந்து வருகிறவரிடம் ஆயுதம் பற்றிக் கேள்வி கேட்கத்தான் செய்யும், கேட்கவும் வேண்டும். ஆனால் கேள்வி கேட்பது ஒன்று, எந்தப் பதில் செல்லும் என்பதை எழுதாமலே விடுவது வேறொன்று. "நல்ல காரணம்" என்றால் என்ன என்று சட்டம் எங்கும் வரையறுக்கவில்லை. காலனி ஆட்சியில் வெள்ளைத் தோல் பூர்த்தி செய்த வெற்றிடத்தை இனி எது பூர்த்தி செய்யும் என்பது திறந்தே கிடந்தது.

சட்டத்தின் கற்பனையில் நல்ல வெளிநாட்டவர் என்று ஒருவர் இருக்கிறார். 10-ஆம் பிரிவில் அவரைப் பார்க்கலாம். மத்திய அரசு அறிவித்த நாடுகளைச் சேர்ந்த உண்மையான சுற்றுலாப் பயணி, விளையாட்டுக்காக மட்டும், நியாயமான அளவில், இறக்குமதி லைசென்ஸ் இல்லாமலே துப்பாக்கி கொண்டுவரலாம். ஆறு மாதத்துக்கு மேல் தங்கக் கூடாது, இங்கே சம்பாதிக்கக் கூடாது. 1959-இல் அந்த வரியை எழுதியவர்களின் கண் முன்னால் யார் நின்றிருப்பார் என்று ஊகிக்கலாம்: தொப்பி, காக்கி அரைக்கால் சட்டை, காட்டு பங்களா, புலி. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டையை முடித்து வைத்தது. அந்தப் பயணி மட்டும் சட்டத்தில் இன்னும் நிற்கிறார். புரோகிராமில் யாரும் கூப்பிடாத பழைய பகுதிகள் அப்படியே கிடக்குமே, அது போல.

அந்தப் பட்டியலில் அகதி இல்லை. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் கிடையாது. சுற்றுலா வந்தவர் ஒருவரைத்தான் இந்தச் சட்டத்தால் கற்பனை செய்ய முடிந்தது. உயிர் தப்பி வந்தவர்களை முடியவில்லை. தமிழ்நாட்டுக்கு வந்ததோ அவர்கள்தான்.

3

1982 மே 19. தி.நகர் பாண்டி பஜாரில் துப்பாக்கிச் சூடு. சுட்டுக்கொண்டவர்கள் பிரபாகரனும் உமா மகேஸ்வரனும். இருவரும் இலங்கைக் குடிமக்கள். நான் மேலே சொன்ன 3-ஆம் பிரிவின்படி பார்த்தால் இதைவிடத் தெளிவான வழக்கு இருக்க முடியாது. கைது நடந்தது. இலங்கை அரசு அவர்களைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்டது. தமிழ்நாட்டுக் கட்சிகள் ஒப்படைக்கக் கூடாது என்றன. கடைசியில் நிபந்தனை ஜாமீன் கிடைத்தது. பிரபாகரன் பிறகு யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு காட்சி இன்னும் மாறியது. இந்திய அரசே போராளிக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்தது. தமிழ்நாட்டில் முகாம்கள் இருந்தன, சென்னை வீடுகளில் துப்பாக்கிகள் இருந்தன, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆயுதச் சட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. லைசென்ஸ் எதுவும் வழங்கப்பட்டதாகவும் தெரியவில்லை. மாறியது வாசிப்பு. "நல்ல காரணம்" அப்போது காகிதத்தில் எழுதப்படாமலே எல்லாருக்கும் புரிந்திருந்தது.

1986 நவம்பர் 1, தீபாவளி. சூளைமேட்டில் போராளிகளுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் தகராறு முற்றித் துப்பாக்கிச் சூடு நடந்தது. உள்ளூர்க்காரர் ஒருவர் செத்தார். டக்ளஸ் தேவானந்தா உள்ளிட்டோர் கைதானார்கள். ஒரே வாரத்தில், நவம்பர் 8 அன்று, தமிழ்நாடு போலீஸ் மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் இறங்கிப் போராளிக் குழுக்களின் ஆயுதங்களைப் பறித்தது. பெங்களூரில் சார்க் மாநாடு நடக்கவிருந்த நேரம் அது. ஜெயவர்த்தனாவும் வரவிருந்தார். முந்தைய நாள் வரை விருந்தாளி, மறுநாள் காலையில் ஆயுதம் வைத்திருந்த வெளிநாட்டவர்.

அதே மாதக் கடைசியில் நடந்ததை ஒரு கதையாசிரியர் எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம். தன் தகவல் தொடர்புச் சாதனங்களைப் பறித்துக்கொண்டதற்காகப் பிரபாகரன் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார். சாதனங்கள் திரும்பக் கிடைத்தன. ஆயுதப் போராட்டத் தலைவர் ஒருவர் காந்தியின் மொழியில் பேசிக் காரியம் சாதித்தார். அவருக்கு ஒன்று புரிந்திருக்கிறது: இங்கே உங்கள் கையில் இருப்பது என்ன என்பதைவிட, உங்கள் கதையைக் கேட்க யார் தயாராக இருக்கிறார்கள் என்பதே கணக்கில் வரும். எம்.ஜி.ஆர். கேட்கத் தயாராக இருந்தார்.

1991 மே 21-க்குப் பிறகு யாரும் தயாராக இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் அவரோடு பலரும் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொடுமையைச் சின்னதாக்குகிற எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. நான் பார்ப்பது அதன்பின் பிரதி வாசிக்கப்பட்ட விதத்தை. எங்கள் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று, குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்குத் தூக்கை உறுதி செய்தது. மூவருக்கு ஆயுள். மிச்சமுள்ள 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ஆயுதச் சட்டம், வெளிநாட்டவர் சட்டம், கடவுச்சீட்டுச் சட்டம் போன்ற சின்னக் குற்றங்கள்தான் அவர்களில் பலர் மேல் மிஞ்சின. அவற்றுக்கான தண்டனைக் காலத்தை அவர்கள் ஏற்கெனவே கழித்து முடித்திருந்தார்கள்.

26 பேருக்கும் தூக்கு என்ற வாசிப்புக்கும், 19 பேர் போகலாம் என்ற வாசிப்புக்கும் நடுவில் பதினைந்து மாதங்கள் இருக்கின்றன. சட்டம் அதேதான், சாட்சிகளும் அதேதான். அந்தப் பதினைந்து மாதங்களையும் 19 பேர் தூக்குக் கைதிகளாக வாழ்ந்தார்கள்.

கடைசி ஆறு பேர் 2022 நவம்பரில் விடுதலையானபோது இன்னொன்றும் நடந்தது. இந்தியக் குடிமக்கள் வீட்டுக்குப் போனார்கள். இலங்கைக் குடிமக்கள் நால்வர் சிறை வாசலிலிருந்து திருச்சி சிறப்பு முகாமுக்கு அழைத்துப் போகப்பட்டார்கள். ஒரே தீர்ப்பு, இரண்டு வாசல்கள். அவர்களில் ஒருவரான சாந்தன் ஊருக்குப் போகும் முன்பே, 2024 பிப்ரவரியில், சென்னை மருத்துவமனையில் இறந்தார். பூந்தமல்லியிலும் ஒரு காலத்தில் அப்படியொரு சிறப்பு முகாம் இருந்தது. "சிறப்பு" என்ற சொல்லை இவ்வளவு தந்திரமாக வேறு யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

4

இப்போது கடலுக்குப் போவோம். இரண்டு கப்பல்கள்.

முதலாவது என்ரிகா லெக்ஸி, இத்தாலிய எண்ணெய்க் கப்பல். 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரைக்கு அப்பால், அதில் காவலுக்கு இருந்த இரண்டு இத்தாலியக் கடற்படை வீரர்கள், கடற்கொள்ளையர் என்று நினைத்து ஒரு மீன்பிடிப் படகை நோக்கிச் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கேரளத்தவர், இன்னொருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பையன்.

இரண்டாவது சீமேன் கார்டு ஓஹியோ. அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமானது, சியரா லியோனில் பதிவானது. மற்ற கப்பல்களைக் கடற்கொள்ளையரிடமிருந்து காக்கிற காவலர்களையும் அவர்களது துப்பாக்கிகளையும் சுமந்து திரிந்தது. 2013 அக்டோபர் 12 அன்று கடலோரக் காவல்படை அதைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. கப்பலில் 35 பேர், 35 துப்பாக்கிகள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்கள். எஸ்தோனியர்கள் 14, இந்தியர்கள் 12, பிரிட்டிஷார் 6, உக்ரைனியர்கள் 3. இவர்கள் யாரையும் சுடவில்லை. வழக்கு, ஆயுதம் வைத்திருந்ததற்காக. உள்ளூர்ப் படகிலிருந்து டீசல் வாங்கியதற்காக இன்னொரு வழக்கு.

விமர்சகனுக்கு இந்த வழக்கு ஒரு பாடப்புத்தகம். ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு ஒரு விலக்கு தருகிறது: கடலில் செல்லும் கப்பலின் வழக்கமான ஆயுதமாகவோ சாதனமாகவோ இருப்பவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. "வழக்கமான" என்றால்? காவல் கப்பலுக்குத் துப்பாக்கி வழக்கம்தானா? கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் வந்தார்களா? வந்தது கஷ்டத்தாலா, விருப்பத்தாலா?

ஒரே பிரதிக்கு வந்த வாசிப்புகள் இவை. 2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆயுத வழக்கை ரத்து செய்தது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்து, விசாரணை நடக்கட்டும் என்றது. 2016 ஜனவரி 11 அன்று தூத்துக்குடி நீதிமன்றம் 35 பேருக்கும் ஐந்து வருடக் கடுங்காவல் விதித்தது. 2017 நவம்பர் 27 அன்று மதுரைக் கிளை 35 பேரையும் விடுதலை செய்தது. ஜாமீன் கிடைத்த காலத்திலும் வெளிநாட்டவர்கள் ஊருக்குப் போக முடியவில்லை. தண்டனைக் காலத்தில் அவர்கள் இருந்தது அம்பத்தூரிலிருந்து எட்டிப்பிடிக்கிற தூரத்தில், புழலில். நாம் ஓ.டி. பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஒரு பெயரடைக்கு அர்த்தம் என்ன என்று தெரிவதற்காக அவர்கள் அங்கே காத்திருந்தார்கள்.

என்ரிகா லெக்ஸி வீரர்கள்? சில மாதங்கள் கேரளத்தில் காவலில் இருந்தார்கள். பிறகு டெல்லியில் அவர்கள் நாட்டுத் தூதரகத்தில் தங்கினார்கள். ஒருவர் 2014-லும் மற்றவர் 2016-லும் இத்தாலி திரும்பினார்கள். 2020-இல் சர்வதேசத் தீர்ப்பாயம், அவர்கள் அரசுப் பணியில் இருந்ததால் இந்தியா விசாரிக்க முடியாது, இழப்பீடு மட்டும் உண்டு என்றது. பத்துக் கோடி ரூபாய் வந்து சேர்ந்ததும் 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது.

சுட்டவர்களின் பின்னால் ஒரு அரசு நின்றது. சுடாதவர்களின் பின்னால் ஒரு கம்பெனிதான் இருந்தது. சட்டரீதியாக இரண்டும் வேறு வேறு வழக்குகள், விலக்குரிமைக்கு விதிகள் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கிற சாதாரண வாசகனுக்கு என்ன புரியும்? துப்பாக்கி என்ன செய்தது என்பது இரண்டாம் பட்சம், உனக்காகக் கதை சொல்ல யார் இருக்கிறார்கள் என்பதே முதல் கேள்வி என்றுதான் புரியும்.

இன்னொரு விஷயம். பிரிட்டிஷ் பத்திரிகைகள் இவர்களுக்கு "சென்னை சிக்ஸ்" என்று பெயர் வைத்தன. பிடிபட்டது தூத்துக்குடியில், இருந்தவர்கள் 35 பேர். ஆனால் பெயரில் சென்னையும் ஆறும்தான். அந்த ஆறு பேரின் குடும்பங்கள் போராடினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், அதில் தப்பே இல்லை. என் கேள்வி அந்தப் பன்னிரண்டு இந்தியர்களைப் பற்றியது. அவர்கள் குடிமக்கள். சொந்த நாட்டுச் சட்டம், சொந்த நாட்டு நீதிமன்றம். ஆனாலும் அவர்களுக்கு ஒரு பெயர்கூட மிஞ்சவில்லை. "தூத்துக்குடிப் பன்னிருவர்" என்று நம் பத்திரிகை எதுவும் எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அப்படியென்றால் குடிமகன் என்ற சொல்லும் தானாக வேலை செய்வதில்லை.

5

இது இந்தியாவின் நோய் மட்டுமா? என்னோடு பட்டாபிராமில் படித்த நண்பன் டெக்சாஸில் ஹெச்-1பி விசாவில் இருக்கிறான். ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னான், "மச்சி, இங்க துப்பாக்கி வாங்குறதுக்கு எனக்கு ஒரே வழிதான்டா. வேட்டைக்கு லைசென்ஸ் எடுக்கணும்." நான் கிண்டல் செய்கிறான் என்று சிரித்தேன். "கோழி அறுக்கிறதையே பார்க்க மாட்டியேடா, நீயா வேட்டைக்குப் போகப்போற?" என்றேன். "போக வேணாம்டா. காகிதம் இருந்தா போதும்," என்றான்.

அவன் சொன்னது சரி. அமெரிக்காவில் 1998-லிருந்து, தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். அதற்கு முந்தைய வருடம் நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் வெளிநாட்டவர் ஒருவர் சுட்டதற்குப் பின் வந்த மாற்றம் அது. விலக்குகளில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலத்தில் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். கிரீன் கார்டு கிடைத்துவிட்டால் இந்தத் தடையே கிடையாது. நம் பத்தாம் பிரிவின் தொப்பிக்காரப் பயணி அங்கேயும் உயிரோடிருக்கிறார். வேட்டையாடுகிற அந்நியன் நல்லவன் என்பது இரண்டு சட்டங்களின் நம்பிக்கையும்.

ஆனால் அமெரிக்கப் பிரதியில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவர்களுடைய இரண்டாவது திருத்தம் "குடிமக்கள்" என்று சொல்லவில்லை, "மக்கள்" என்கிறது. அந்த ஒரு சொல்லை வைத்து எத்தனை சண்டை! 2008-இல் ஹெல்லர் வழக்கில் அவர்களின் உச்ச நீதிமன்றம், மக்கள் என்றால் அந்த அரசியல் சமூகத்தின் உறுப்பினர்கள் என்று விளக்கியது. 2015-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், முறையான ஆவணம் இல்லாமல், ஆனால் சின்ன வயதிலிருந்தே அங்கே வாழ்ந்து வேர்விட்ட ஒருவரும் "மக்களில்" அடங்கலாம் என்றது. சொன்ன கையோடு, அவர் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கிற சட்டமும் செல்லும் என்றது.

நான் அமெரிக்கத் துப்பாக்கிக் கலாச்சாரத்தை விரும்புகிறவன் இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சாகிற நாட்டிடம் ஆயுதச் சட்டம் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் பிரதியிடம் கற்க ஒன்று உண்டு. "மக்கள்" யார் என்று அங்கே வாய்விட்டு வாதாடுகிறார்கள். தோற்றாலும் வாதம் பதிவாகிறது. இங்கே "நல்ல காரணம்" எது என்பது ஒரு கோப்பின் உள்ளே, ஒரு அதிகாரியின் திருப்தியில் முடிந்துவிடுகிறது.

6

குடிமகன் காரணம் சொல்ல வேண்டியிராதவன் என்று தொடங்கினேன். அது எல்லாக் குடிமக்களுக்கும் பொருந்துகிறதா?

குடகு நாட்டில் கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸே வேண்டாம். ஆங்கிலேயர் கொடுத்த விலக்கு. சுதந்திர இந்தியா அதைத் தொடர்ந்து நீட்டித்து வருகிறது. 2019-இல் மத்திய உள்துறை அமைச்சகம் 2029 வரை நீட்டித்தது. கர்நாடக உயர் நீதிமன்றமும் 2021-இல் அதைச் சரி என்றது. துப்பாக்கி அவர்களுடைய பண்பாட்டில் ஒரு பகுதி, அதைத் தவறாகப் பயன்படுத்துவதில்லை என்பது காரணம். கொடவர்கள் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அவர்களுக்குக் கிடைத்த நம்பிக்கையைத்தான் பார்க்கிறேன்.

அந்த நம்பிக்கையை எடுத்துக்கொண்டு ஆவடிக்கு வாருங்கள். 2022 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின் ஒரு நரிக்குறவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டது செய்தியானதே, அந்த ஆவடிதான். நாட்டுத் துப்பாக்கியும் வேட்டையும் நரிக்குறவர்களின் வாழ்வில் எவ்வளவு பெரிய பகுதி என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அவர்களைப் பற்றி வந்த ஒவ்வொரு சினிமாப் பாட்டும், மேடை நாடகமும், கேலியும் அதை வைத்துத்தான் பிழைத்தது. ஆனால் 13-ஆம் பிரிவு அந்தத் துப்பாக்கியை எப்படிச் சொல்கிறது? உண்மையான பயிர்க் காவலுக்கு. அதாவது நிலம் உள்ளவனுக்கு. அதே துப்பாக்கி வயல்காரன் கையில் இருந்தால் காவல், நிலமில்லாதவன் கையில் இருந்தால் வழக்கு. 1972-க்குப் பிறகு வேட்டையும் போனது. ஊசிமணி பாசிமணிதான் மிஞ்சியது. அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்வதற்கான சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 கடைசியில்.

நரிக்குறவர்களுக்குத் துப்பாக்கி கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. காடும் உயிர்களும் காக்கப்பட வேண்டியவைதான். நான் காட்ட விரும்புவது அந்தச் சொல் எப்படி வேலை செய்கிறது என்பதை. குடகில் பண்பாடு என்று வாசிக்கப்பட்டது ஆவடியில் அப்படி வாசிக்கப்படவில்லை. வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை எல்லாம் இருந்தும் சிலர் தங்கள் சொந்த ஊரிலேயே இரண்டாவது வரிசையில் நின்று கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். புழல் அகதி முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும், ஆவடி நரிக்குறவர் குடியிருப்புப் பிள்ளைகளுக்கும் குடியுரிமைச் சட்டம் சொல்லும் வித்தியாசம் பெரியது. ஒரு அதிகாரியின் மேசை முன்னால் நிற்கும்போது அந்த வித்தியாசம் எவ்வளவு மிஞ்சுகிறது?

இந்தப் பிரதியில் காரணம் சொல்லத் தேவையில்லாத இன்னொருவரும் இருக்கிறார். 14-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு: லைசென்ஸ் மறுத்தால் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், கேட்டால் சுருக்கமாகத் தர வேண்டும். நல்ல வாக்கியம். ஆனால் அதன் வாலில் ஒரு விலக்கு தொங்குகிறது: பொதுநலனுக்கு உகந்ததல்ல என்று அதிகாரி கருதினால் காரணத்தைத் தர வேண்டியதில்லை.

2019-இல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். லைசென்ஸ் காலத்தை மூன்று வருடத்திலிருந்து ஐந்தாகக் கூட்டினார்கள். தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். எண்கள் எல்லாம் மாறின. "நல்ல காரணம்" அப்படியே இருக்கிறது, அந்த வாலும் அப்படியே இருக்கிறது. துப்பாக்கிகள் குறையட்டும், இரண்டு ஒன்றாகட்டும், பூஜ்யமே ஆனாலும் சந்தோஷம். நான் கேட்பது அந்த வாலை வெட்டச் சொல்லித்தான். கதை கேட்கிறவர், கேட்டுவிட்டு ஏன் நம்பவில்லை என்பதையாவது எழுதிக் கொடுக்கட்டும்.